இந்திய அணியின் 2020–21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் காயங்களும் மாற்று வீரர்களும்

இந்தியத் துடுப்பாட்ட அணி 2020 நவம்பர் முதல் 2021 சனவரி வரை ஆஸ்திரேலியாவில் மேற்கொண்ட சுற்றுப்பயணம், ஓர் அணியின் மாற்று வீரர் வளம் அதன் வெற்றி தோல்வியை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு ஆகும். நான்கு போட்டிகள் கொண்ட தேர்வுத் தொடரில் (பார்டர்–கவாசுகர் கிண்ணம்) இந்திய அணியின் முன்னணி வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயமுற்று விலகினர். இருந்தபோதும் இந்தியா தொடரை 2–1 என்ற கணக்கில் வென்றது. இத்தொடரில் இந்தியாவுக்காக மொத்தம் 20 வீரர்கள் களமிறங்கினர். நான்கு போட்டிகளிலும் ஆடியவர்கள் அஜின்கியா ரகானே, செத்தேஷ்வர் புஜாரா ஆகிய இருவர் மட்டுமே.

இத்தொடரின் கடைசிப் போட்டியில் அறிமுகமான இருவரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவரான தங்கராசு நடராஜன், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தவர். சுற்றுப்பயணத்திற்கு அவர் அழைத்துச் செல்லப்பட்டது அணி வீரராக அல்ல. வலைப்பயிற்சியில் மட்டையாளர்களுக்குப் பந்து வீசித் தரும் கூடுதல் பந்துவீச்சாளராகவே அவர் சென்றார்.

பின்னணி

தேர்வுத் துடுப்பாட்டத்தில் காயம்பட்ட வீரருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கவோ பந்து வீசவோ விதிகள் இடம் தருவதில்லை. பதிலாள் களத்தடுப்பு மட்டும் செய்யலாம். 2017ஆம் ஆண்டு முதல் நடுவர்களின் ஒப்புதலுடன் இலக்குக் காப்பாளராகவும் நிற்கலாம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவருக்கு முழுப் பதிலாளை இறக்கும் விதி 2019இல் வந்தது. ஆகவே முதல் நாளில் ஒரு பந்துவீச்சாளரின் தசை பிடித்துக்கொண்டால், மீதி நான்கு நாட்களும் அவருடைய பந்துவீச்சுச் சுமையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வளைகோல் பந்தாட்டத்தில் நிலைமை வேறு. அங்கு களத்தில் 11 பேர் ஆடினாலும் வழக்கமாக 18 பேர் கொண்ட குழுவிலிருந்து (ஒலிம்பிக்கில் 16 பேர்) எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். காற்பந்தில் மூன்றாக இருந்த மாற்று வீரர் எண்ணிக்கை 2020க்குப் பின் ஐந்தாக உயர்ந்துள்ளது. அவ்விளையாட்டுகளில் அணியின் மாற்று வீரர் வளம் ஒரே ஆட்டத்திற்குள்ளேயே வெளிப்படுகிறது. துடுப்பாட்டத்திலோ அது போட்டிக்கும் போட்டிக்கும் இடையில், பதினொருவரைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில்தான் வெளிப்படும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் கீழே வரும் நிகழ்ச்சிகளின் கனம் புரியும்.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று காரணமாக ஆஸ்திரேலியா செல்வோர் 14 நாட்கள் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டியிருந்தது. தேவைப்படும்போது ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்து மறுநாளே ஆட வைக்க இயலாது. எனவே மூன்று வகைப் போட்டிகளுக்குமான வீரர்களோடு கூடுதல் வேகப்பந்து வீச்சாளர்கள் நால்வரையும் இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. நடராஜனின் பெயர் முதலில் இடம்பெற்றது இந்த நால்வர் பட்டியலில்தான். பெருந்தொற்றின் இடைஞ்சலால் உருவான இந்தப் பெரிய குழுவே பிற்பாடு அணியைக் காப்பாற்றியது என்பது எதிர்பாராத விளைவு.

சின்னப்பம்பட்டியிலிருந்து அணிக்கு

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியில் எடப்பாடி, தாரமங்கலம், திருச்செங்கோடு, குமாரபாளையம் முதலிய ஊர்களைச் சுற்றி விசைத்தறித் தொழில் பரவியுள்ளது. இப்பகுதி இளைஞர்கள் ஆடுவது பெரும்பாலும் டென்னிஸ் பந்துத் துடுப்பாட்டமே. தோல் பந்தும் அதற்குரிய ஆடுகளமும் கிராமங்களில் கிடைப்பதில்லை. 1991இல் பிறந்த நடராஜனின் தந்தை தறிக்கூடத்தில் கூலி வேலை பார்த்தவர். தாய் சாலையோரத்தில் கடை நடத்தியவர். ஏறக்குறைய இருபது வயது வரை நடராஜன் டென்னிஸ் பந்திலேயே ஆடினார். கனம் குறைந்த அப்பந்தை மட்டையாளர் எளிதில் தூக்கி அடித்துவிடுவர். காலடியில் நேராகக் குத்தும் யார்க்கர் வகைப் பந்தே அங்கு பந்துவீச்சாளரின் பாதுகாப்பு. அவருடைய யார்க்கர் திறனுக்கு இதுவே அடிப்படை எனலாம்.

பின்னர் அவர் சென்னைக்கு வந்து நான்காம் பிரிவுக் கழகப் போட்டிகளில் தொடங்கி, ஜாலி ரோவர்சு கழகம் வரை முன்னேறினார். 2015 சனவரியில் வங்காளத்துக்கு எதிராகத் தமிழ்நாடு அணிக்காக ரஞ்சிக் கிண்ணப் போட்டியில் அறிமுகமானார். அப்போட்டியிலேயே அவரது பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என அறிவிக்கப்பட்டதால், கை அசைவை முற்றிலும் திருத்திக்கொண்டு மீண்டு வர வேண்டியதாயிற்று. 2016இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பிரீமியர் லீக் அவருக்கு வெளிச்சத்தைத் தந்தது. அதில் திண்டுக்கல் டிராகன்சு அணிக்கு வீசியதைக் கண்டு, 2017 ஏலத்தில் 10 இலட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்த அவரைக் கிங்சு இலெவன் பஞ்சாப் 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2018இல் சன்ரைசர்சு ஐதராபாத் அணி 40 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது.

2020 ஐ.பி.எல். தொடரில் ஐதராபாத்தின் முதன்மைப் பந்துவீச்சாளர் புவனேஷ்வர் குமார் காயத்தால் பாதியில் விலகினார். இறுதி ஓவர்களை வீசும் பொறுப்பின் பெரும்பகுதி நடராஜனிடம் வந்தது. அவர் அத்தொடரில் 16 இலக்குகளை (விக்கெட்டுகளை) வீழ்த்தினார். ஆக, பிறர் காயத்தால் வாய்ப்புப் பெறும் கதை அவருக்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கியது அன்று.

குறுகிய ஓவர் போட்டிகள்

இருபது ஓவர் அணியில் இடம்பெற்றிருந்த மற்றொரு தமிழக வீரர் வருண் சக்கரவர்த்தி தோள்பட்டைக் காயத்தால் விலக, அவ்விடத்தில் நடராஜன் சேர்க்கப்பட்டார். நவ்தீப் சைனிக்கு முதுகில் பிடிப்பு ஏற்பட்டதை அடுத்து ஒருநாள் அணியிலும் முன்னேற்பாடாகச் சேர்க்கப்பட்டார். முதலிரு ஒருநாள் போட்டிகளையும் இந்தியா தோற்றபின், 2020 திசம்பர் 2 அன்று கான்பராவில் அவர் அறிமுகமாகி 70 ஓட்டங்களுக்கு 2 இலக்குகளை வீழ்த்தினார். இந்தியா 13 ஓட்டங்களால் வென்றது.

இரு நாட்கள் கழித்து அதே திடலில் முதல் இருபது ஓவர் போட்டி நடந்தது. இதில் 30 ஓட்டங்களுக்கு 3 இலக்குகள் நடராஜனுக்குக் கிடைத்தன. ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டதால், மூளை அதிர்ச்சி விதியின்படி பதிலாளாக வந்த யுஸ்வேந்திர சகல் 25 ஓட்டங்களுக்கு 3 இலக்குகளை எடுத்து ஆட்ட நாயகனானார். மட்டையாடிச் சென்றவருக்குப் பதிலாக ஒரு முழுநேரச் சுழற்பந்து வீச்சாளர் வந்தது ஆஸ்திரேலியத் தரப்புக்கு உவப்பாக இல்லை. அந்த இருபது ஓவர் தொடரை இந்தியா 2–1 என வென்றது. நடராஜன் மூன்று ஆட்டங்களில் 6 இலக்குகளைப் பெற்றார். தொடர் நாயகன் விருதைப் பெற்ற ஹர்திக் பாண்டியா கோப்பையை நடராஜன் கையில் கொடுத்தது அப்போது பலராலும் பேசப்பட்டது.

தேர்வுத் தொடரில் நேர்ந்த காயங்கள்

தொடர் தொடங்கும் முன்பே இஷாந்த் சர்மா, புவனேஷ்வர் குமார் இருவரும் காயத்தால் பயணத்தில் சேரவில்லை. பின்தொடைத் தசைக் காயத்திலிருந்து தேறிய ரோகித் சர்மா மூன்றாவது போட்டியில்தான் ஆட முடிந்தது.

அடிலெயிட் (2020 திசம்பர் 17–19). முதல் ஆட்டப்பகுதியில் 53 ஓட்டங்கள் முன்னிலை பெற்ற இந்தியா, இரண்டாவதில் 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது. தேர்வுப் போட்டிகளில் இந்தியாவின் மிகக் குறைந்த எண்ணிக்கை இது. பாட் கம்மின்சு வீசிய பந்து முகமது சமியின் முன்கையில் பட்டு எலும்பு முறிந்ததால் ஆட்டப்பகுதி 9 இலக்குகளோடு முடிந்தது. சமி தொடரிலிருந்து விலகினார். அணித்தலைவர் விராட் கோலி, குழந்தைப்பேற்றை முன்னிட்டு ஏற்கெனவே அறிவித்தபடி நாடு திரும்பினார்.

மெல்பேர்ண் (திசம்பர் 26–29). நான்கு மாற்றங்களுடன் இந்தியா இறங்கியது. சுப்மன் கில், முகமது சிராஜ் ஆகியோர் அறிமுகமாயினர். சிராஜின் தந்தை நவம்பரில் காலமானபோது அவர் ஊர் திரும்பாமல் அணியுடனேயே தங்கியிருந்தார். இரண்டாவது ஆட்டப்பகுதியில் நான்காவது ஓவரை வீசிக்கொண்டிருந்த உமேஷ் யாதவ் கெண்டைக்கால் தசைப்பிடிப்பால் வெளியேறினார். நான்கு பந்துவீச்சாளர்களோடு ஆடியிருந்தால் இது பேரிழப்பாகியிருக்கும். கோலியின் இடத்தில் மற்றொரு மட்டையாளரை எடுக்காமல் ஐந்தாவது பந்துவீச்சாளராக ஜடேஜாவைச் சேர்த்திருந்ததால் சமாளிக்க முடிந்தது. பொறுப்புத் தலைவர் ரகானே 112 ஓட்டங்கள் எடுத்தார்; இந்தியா 8 இலக்குகளால் வென்றது.

சிட்னி (2021 சனவரி 7–11). இப்போட்டிக்கு முன் வலைப்பயிற்சியில் கே. எல். ராகுலுக்கு மணிக்கட்டில் காயம் ஏற்பட்டது. உமேசுக்குப் பதிலாகச் சைனி அறிமுகமானார். போட்டிக்குள்ளும் காயங்கள் குவிந்தன. முதல் ஆட்டப்பகுதியில் 4 இலக்குகளை வீழ்த்திய ஜடேஜாவுக்கு மட்டையாடும்போது இடது கட்டைவிரல் முறிந்ததால் அதன்பின் அவரால் பந்து வீச இயலவில்லை. முழங்கையில் அடிபட்ட ரிஷப் பண்ட்டுக்குப் பதில் விருத்திமான் சாகா இலக்குக் காப்பாளராக நின்றார். பும்ராவுக்கு அடிவயிற்றுத் தசையில் காயம். ரவிச்சந்திரன் அசுவினுக்கு முதுகுவலி.

407 என்ற இலக்கைத் துரத்திய இந்தியாவுக்குக் கடைசி நாளில் பண்ட் 97, புஜாரா 77 ஓட்டங்கள் எடுத்தனர். ஹனுமா விகாரி ஓட்டம் ஒன்றை எடுக்க முயன்றபோது பின்தொடைத் தசை கிழிய, அதற்குமேல் ஓடி ஓட்டம் எடுப்பதே அரிதாயிற்று. அவரும் குனியவே சிரமப்பட்ட அசுவினும் ஏறத்தாழ 43 ஓவர்கள் நின்று போட்டியைச் சமநிலையில் முடித்தனர். விகாரி 161 பந்துகளில் 23 ஓட்டங்கள், அசுவின் 128 பந்துகளில் 39 ஓட்டங்கள். முறிந்த விரலோடு ஜடேஜா மட்டை பிடிக்கத் தயாராகக் காத்திருந்தார். தொடரின் திருப்புமுனை பிரிஸ்பேன் என்பர். ஆனால் இங்கு தோற்றிருந்தால் பிரிஸ்பேனில் தொடரை வெல்லும் வாய்ப்பே இருந்திராது.

பிரிஸ்பேன் தேர்வுப் போட்டி

நான்காவது போட்டி 2021 சனவரி 15 அன்று, தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கல் நாளில், காபா திடலில் தொடங்கியது. விகாரி, அசுவின், ஜடேஜா, பும்ரா ஆகிய நால்வரும் இல்லை. அவர்களுக்குப் பதில் மயங்க் அகர்வால், வாசிங்டன் சுந்தர், சர்துல் தாகூர், நடராஜன் ஆகியோர் சேர்க்கப்பட்டனர். நடராஜன் இந்தியாவின் 300ஆவது, சுந்தர் 301ஆவது தேர்வு வீரர்கள் ஆயினர். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் பன்னாட்டுப் போட்டிகளிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெருமையும் நடராஜனுக்குக் கிடைத்தது.

இப்பந்துவீச்சு வரிசையின் அனுபவத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சிராஜ் 2 போட்டிகளில் 7 இலக்குகள், சைனி ஒரு போட்டியில் 4 இலக்குகள் எடுத்திருந்தனர். தாகூர் 2018இல் ஐதராபாத்தில் அறிமுகமாகி, வெறும் 10 பந்துகளை வீசியதும் காயத்தால் வெளியேறியவர். சுந்தர் 2017க்குப் பிறகு முதல்தரப் போட்டி எதிலும் ஆடாதவர். இவரும் இருபது ஓவர் தொடருக்குப் பின் வலைப்பந்து வீசுவதற்காக நிறுத்தி வைக்கப்பட்டவரே. ஐவருக்கும் சேர்த்து 11 இலக்குகள். எதிரணியில் கம்மின்சு, ஹேசல்வுட், ஸ்டார்க், நேத்தன் லயன் ஆகிய நால்வரின் மொத்தம் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. லயனுக்கு அது நூறாவது போட்டி. மேலும் 1988இல் மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றபின் ஆஸ்திரேலியா காபாவில் எந்தத் தேர்வுப் போட்டியிலும் தோற்றதில்லை.

முதல் நாளிலேயே சைனி தனது எட்டாவது ஓவரில் தொடையிடுக்குத் தசைக் காயத்தால் வெளியேறினார். எஞ்சிய ஒரு பந்தை ரோகித் சர்மா வீசி ஓவரை முடித்தார். அதன்பின் சிராஜ் 28, நடராஜன் 24.2, தாகூர் 24, சுந்தர் 31 ஓவர்கள் என நால்வரே முழுச் சுமையையும் தாங்கினர். நடராஜன் முதலில் மேத்யூ வேடையும், அடுத்து 108 ஓட்டங்கள் எடுத்திருந்த லபுசேனையும் வீழ்த்தினார். கடைசியில் ஹேசல்வுட்டையும் சேர்த்து 78 ஓட்டங்களுக்கு 3 இலக்குகள். தாகூர், சுந்தர் ஆகியோரும் மும்மூன்று எடுக்க, ஆஸ்திரேலியா 369 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது.

இந்தியா 6 இலக்குகளுக்கு 186 என்றிருந்தபோது சுந்தரும் தாகூரும் இணைந்து 123 ஓட்டங்கள் சேர்த்தனர். சுந்தர் 62, தாகூர் 67. மாற்று வீரர்கள் என்று வந்தவர்கள் மட்டையிலும் கை கொடுத்ததால் ஆஸ்திரேலியாவின் முன்னிலை 33 ஓட்டங்களோடு நின்றது. இரண்டாவது ஆட்டப்பகுதியில் சிராஜ் 73 ஓட்டங்களுக்கு 5, தாகூர் 61க்கு 4, சுந்தர் 80க்கு 1 என இலக்குகளைப் பகிர்ந்துகொள்ள ஆஸ்திரேலியா 294 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. காயம்பட்ட சைனியும் 5 ஓவர்கள் வீசினார். நடராஜனுக்கு இம்முறை இலக்கு கிடைக்கவில்லை.

328 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி ஆடிய இந்தியாவுக்குக் கில் 91, உடம்பெங்கும் அடி வாங்கிய புஜாரா 56, பண்ட் ஆட்டமிழக்காமல் 89 ஓட்டங்கள் எடுத்தனர். சனவரி 19 அன்று இந்தியா 3 இலக்குகளால் வென்றது.

ஆஸ்திரேலிய அணியின் நிலை

இத்தொடரை இந்தியாவின் கோணத்திலிருந்து மட்டுமே பார்ப்பது வழக்கம். மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. ஆஸ்திரேலியா நான்கு போட்டிகளிலும் அதே நான்கு முதன்மைப் பந்துவீச்சாளர்களையே பயன்படுத்தியது. அவர்களில் எவரும் காயத்தால் விலகவில்லை. சிட்னியில் அவ்வணி இரு ஆட்டப்பகுதிகளிலும் சேர்த்து 231 ஓவர்களுக்கு மேல் வீசியது. இடையில் கிடைத்தவை மூன்றே நாட்கள். பிரிஸ்பேனில் மேலும் 208 ஓவர்கள். தொடர் நாயகன் விருது பெற்ற கம்மின்சு 21 இலக்குகளுடன் கடைசி வரை வேகம் குன்றாமல் வீசினார் என்பது உண்மை. மற்றவர்களைப் பற்றி அவ்வாறு கூற முடியாது. காயம் இந்தியாவின் சிறந்த பந்துவீச்சாளர்களைப் பறித்தது. அதே வேளையில் கடைசிப் போட்டியில் களைப்படையாத கால்களையும் அது இந்தியாவுக்குத் தந்தது.

ஆயினும், காயங்களே வெற்றிக்குக் காரணம் என்று கூறுவது மிகை. சமியும் பும்ராவும் இருந்திருந்தால் காபாவில் 369 ஓட்டங்கள் எடுக்கப்பட்டிருக்குமா என்பதை யாரும் நிறுவ இயலாது.

மாற்று வீரர் வளம் உருவான விதம்

இவ்வீரர்கள் திடீரென்று தோன்றியவர்கள் அல்லர். கில், சிராஜ், சைனி, விகாரி, தாகூர் ஆகியோர் இந்திய ‘ஏ’ அணியில் வெளிநாட்டு ஆடுகளங்களில் ஆடிப் பழகியவர்கள். அவ்வணிக்கு 2015 முதல் ராகுல் திராவிட் பயிற்சியாளராக இருந்தார். கில் 2018இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணத்தை வென்ற அணியின் வீரர். நடராஜனும் சுந்தரும் மாநில அளவிலான இருபது ஓவர் தொடர் வழியாகக் கவனம் பெற்றவர்கள். ஐ.பி.எல்.லில் பன்னாட்டு மட்டையாளர்களுக்கு எதிராக வீசிய பழக்கமும் அவர்களுக்கு உதவியது.

பிற்காலம்

2021 சனவரி 21 அன்று சின்னப்பம்பட்டி திரும்பிய நடராஜனைக் குதிரை பூட்டிய தேரில் ஏற்றி ஊரார் வரவேற்றனர். அவர் பயணத்தில் இருந்தபோது நவம்பரில் பிறந்த மகளை அப்போதுதான் நேரில் கண்டார். ஆயினும் அடுத்து நடந்த இங்கிலாந்துக்கு எதிரான தேர்வுத் தொடரின் அணியில் அவர் பெயர் இல்லை. பும்ராவும் இஷாந்தும் திரும்பியிருந்தனர். காயத்தால் கிடைத்த இடம், காயம் ஆறியதும் உரியவரிடம் திரும்பிச் செல்லும் என்பது இவ்விளையாட்டின் எழுதப்படாத வழக்கு. சிராஜும் பண்ட்டும் கில்லும் நிலைத்துவிட்டனர். எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை.

2021 மார்ச்சு 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில், இறுதி ஓவரில் 14 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் சாம் கரனைக் கட்டுப்படுத்தி இந்தியாவுக்கு 7 ஓட்டங்களில் வெற்றி தேடித் தந்தார் நடராஜன். அடுத்த மாதமே முழங்கால் காயத்தால் ஐ.பி.எல்.லிலிருந்து விலகி அறுவை மருத்துவம் செய்துகொண்டார். பிறர் காயத்தால் வாய்ப்புப் பெற்றவரின் இடத்தைக் காயமே பறித்தது. 2025 வரையிலான கணக்கில் அவர் ஆடிய பன்னாட்டுப் போட்டிகள் தேர்வு 1, ஒருநாள் 2, இருபது ஓவர் 4 மட்டுமே. இடக்கை வேகப்பந்து வீச்சாளருக்கான இடத்தில் 2022இல் அறிமுகமான அர்சுதீப் சிங் நிலைபெற்றார். ஐ.பி.எல்.லில் நடராஜன் தொடர்ந்து மதிக்கப்பட்டார். 2024 தொடரில் 19 இலக்குகள் எடுத்தபின், அவ்வாண்டு நவம்பர் ஏலத்தில் டெல்லி கேப்பிடல்சு 10.75 கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது.

சேலம் வட்டாரத்தில் இதன் தாக்கம் கண்கூடு. வாழப்பாடியில் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்ட விளையாட்டரங்கில் தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டிகள் நடைபெற்றுள்ளன. தம் சொந்த ஊரில் நடராஜன் அமைத்த துடுப்பாட்டத் திடலை 2023 சூனில் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். தோல் பந்தில் ஆட விரும்பும் சின்னப்பம்பட்டிச் சிறுவன் இப்போது அதற்காகச் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை.

ஒப்பிடத்தக்க பிற தொடர்கள்

2024–25இல் இதே கிண்ணத்துக்கான தொடர் ஆஸ்திரேலியாவில் நடந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. 32 இலக்குகளை வீழ்த்திய பும்ரா ஒருவரையே இந்தியா பெரிதும் நம்பியிருந்தது. 150 ஓவர்களுக்கு மேல் வீசிய அவர், சிட்னியில் நடந்த கடைசிப் போட்டியில் முதுகுப் பிடிப்பால் இரண்டாவது ஆட்டப்பகுதியில் பந்து வீசவில்லை. 162 ஓட்டங்கள் என்ற இலக்கை ஆஸ்திரேலியா 6 இலக்குகள் மீதமிருக்க எட்டித் தொடரை 3–1 என வென்றது. அப்போட்டியில் 10 இலக்குகளை எடுத்து ஆட்ட நாயகனான ஸ்காட் போலண்டு, அத்தொடரில் காயமுற்ற ஹேசல்வுட்டுக்குப் பதிலாக வந்தவர். இம்முறை மாற்று வீரர் வளம் ஆஸ்திரேலியாவிடம் இருந்தது.

2024 சனவரியில் அதே காபாவில் மேற்கிந்தியத் தீவுகள் 8 ஓட்டங்களால் ஆஸ்திரேலியாவை வென்றது. கால்விரலில் பந்து பட்டு முந்தைய நாள் களத்திலிருந்து வெளியேறிய சமர் ஜோசப் திரும்பி வந்து 68 ஓட்டங்களுக்கு 7 இலக்குகளை வீழ்த்தினார். மாற்று ஆள் இல்லாத அணியில் காயம்பட்டவரே மீண்டும் வர வேண்டியிருக்கிறது என்பதற்கு இது சான்று. 2025 சூலையில் மான்செசுட்டரில் பாத எலும்பு முறிந்த பண்ட் நொண்டியபடியே மட்டையாட வந்ததும் அவ்வகையே. அதன் பிறகு, உள்நாட்டுப் பலநாள் போட்டிகளில் கடுங்காயம் அடைந்தவருக்கு முழுப் பதிலாளை அனுமதிக்கும் விதியை இந்திய வாரியம் 2025 ஆகத்தில் கொண்டுவந்தது.